டேங்க் நிரம்பினால் வாசனை, பாதியானால் இல்லை: படகில் பெட்ரோல் எங்கே கசிகிறது?

கேள்வி: ஐயா, திருப்பத்தூர் மாவட்டத்தில், ஏலகிரி மலை அடிவாரத்தை ஒட்டிய ஓர் ஏரியில் படகு விடும் குத்தகையை நானும் என் மச்சானும் எடுத்திருக்கிறோம். மிதிபடகுகளோடு ஒரு மோட்டார் படகும் இருக்கிறது. 17 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் கொண்ட நாலு ஸ்ட்ரோக் கார்புரேட்டர் அவுட்போர்டு எஞ்சின், தளத்துக்கு அடியில் 60 லிட்டர் அலுமினிய டேங்க். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கடலில் ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். ஒரு மாதமாகப் படகில் பெட்ரோல் வாசனை. காலையில் தார்ப்பாயை விலக்கினால் மூக்கைத் துளைக்கிறது. டேங்கை முழுக்க நிரப்பிய அன்று அதிகம். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் வாசனையே இல்லை. ஒருநாள் மதியம் படகின் பின்பக்கம் தண்ணீரில் வானவில் போல எண்ணெய் மினுக்கியது. எங்களிடம் வேலை செய்யும் பையன் டேங்குக்கு மேலே இருக்கும் ஜாயின்டில் எம்-சீல் போட்டான். நாலு நாள் அடங்கி, மறுபடியும் வந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் கோடை விழாக் கூட்டம் எங்கள் ஏரிக்கும் வரும். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? எம்-சீல் போதுமா? அதுவரை பாதி டேங்க் மட்டும் போட்டு ஓட்டலாமா?

பதில்:

தம்பிக்கு வணக்கம். மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். ஓட்டக் கூடாது. பாதி டேங்கிலும் கூடாது, கால் டேங்கிலும் கூடாது. இதைப் படித்து முடிப்பதற்குள் ஏரிக்கரைக்குப் போன் போட்டு, படகைக் கரையேற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். கோடையில் பத்து நாள் வருமானம் என்றால் குத்தகைக்காரருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படகில் ஏறப்போவது அடுத்தவர் வீட்டுக் குழந்தைகள்.

பாதி டேங்க் யோசனை உங்களுக்கு ஏன் வந்தது என்பதும் புரிகிறது. பாதிக்குக் கீழே வாசனை இல்லை, அதனால் கசிவும் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். படகு நிற்கும்போது அது சரி. ஓட ஆரம்பித்ததும் அணியம், அதாவது படகின் முன்பக்கம், மேலே தூக்கிக்கொள்ளும், டேங்கில் இருக்கும் பெட்ரோல் முழுதும் பின்பக்கத்துக்கு ஓடி ஏறும். எதிரில் வரும் படகின் அலையில் குலுங்கினால் டேங்கின் கூரை வரைக்கும் தெறிக்கும். நிற்கும்போது எட்டாத ஓட்டையை ஓடும்போது எட்டிவிடும். அதோடு, பெட்ரோல் வராத ஓட்டை வழியாகவும் அதன் ஆவி வந்துகொண்டுதான் இருக்கும். நம்மைக் கொல்வது ஆவிதான்.

வீட்டில் சிலிண்டர் கசிந்தால் லைட் ஸ்விட்சைத் தொடாதே என்று நம் பெண்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். பெட்ரோலுக்கு அந்தப் பயம் நமக்கு இல்லை. தினமும் பைக்கில் கையாள்வதால் பழகிவிட்டது. பைக்கில் சொட்டினால் தார் ரோட்டில் விழுந்து காற்றோடு போய்விடும். படகு என்பது ஒரு கிண்ணம். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் செய்த கிண்ணத்திலிருந்து ஆவியும் வெளியே போகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். தளத்துக்கு அடியில், தாழ்ந்த இடத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் திரவம் அது. நம் வேலூர் வெயிலில் அதற்குத் தடையே இல்லை. காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் பற்றும். கணக்குப் போட்டால், ஒரு டம்ளர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் இரண்டு கன மீட்டருக்கு மேல் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கிவிடும். உங்கள் படகின் தளத்துக்கு அடியில் இருக்கும் காலியிடம் அதைவிடச் சின்னது.

நான் காசிமேட்டில் வேலை பழகிய காலத்தில் எங்கள் மூத்த மெக்கானிக் ஒருவர், "வாசனைதானே, ஓடினா போய்டும்" என்று சொல்லிக்கொண்டே பேட்டரி ஒயரை மாட்டினார். பெரிய சத்தம்கூட இல்லை. 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்ட மாதிரிதான் கேட்டது. புருவம், முன்தலை முடி, இரண்டு கைத்தோலும் போய்விட்டன. மூன்று மாதம் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அவருக்குச் சோறு ஊட்டிவிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

இனி கசிவுக்கு வருவோம். தம்பி, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. முழு டேங்கில் வாசனை, பாதிக்குக் கீழே இல்லை. திரவம் தான் தொடாத இடத்திலிருந்து கசியாது. எனவே ஓட்டை டேங்கின் அடியில் இருக்க வாய்ப்பு குறைவு. மேல் பாதியில், அல்லது டேங்குக்கு மேலே போகும் குழாய்களில் இருக்க வேண்டும். எப்போது பார்த்தாலும் வாசனை என்று எழுதியிருந்தால் டேங்கின் அடியையும் எஞ்சினுக்குப் போகும் லைனையும் சந்தேகித்திருப்பேன். ஓடும்போது மட்டும் என்றிருந்தால் பம்ப், கார்புரேட்டர் பக்கம் போகச் சொல்லியிருப்பேன். வாசனை எந்த நேரத்தில், டேங்க் எவ்வளவு இருக்கும்போது, நிற்கும்போதா ஓடும்போதா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் படகோட்டிக்கு என் வேலையில் முக்கால்வாசி மிச்சம். நீங்கள் அதைக் கவனித்திருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கிறது. காலையில் கேனில் வாங்கி வந்து டேங்கைக் கழுத்து வரை நிரப்புகிறீர்கள். மதியம் 12 மணிக்கு நம் பக்கத்து வெயிலில், தார்ப்பாய்க்கு அடியில் அந்தப் படகு எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 60 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் சுமார் 850 மில்லி பெருகும். பெருகியது எங்கே போகும்? டேங்குக்குள் காற்று போய்வருவதற்கான வென்ட் குழாய் வழியாகப் படகின் விலாவில் இருக்கும் சின்ன ஓட்டையில் வழிந்து தண்ணீரில் இறங்கும். மதியம் பின்பக்கத்தில் நீங்கள் பார்த்த வானவில் பெரும்பாலும் அதுதான். வென்ட் முனைக்குக் கீழே ஃபைபரில் மஞ்சளாகக் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே இல்லை. இனிமேல் 60 லிட்டர் டேங்கில் 54 லிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள்.

ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று விட்டுவிட முடியாது. வழிந்தது வெளியே போயிருக்கும்; காலையில் தார்ப்பாயை விலக்கியதும் மூக்கைத் துளைக்கும் வாசனை உள்ளே இருந்து வருகிறது. இரண்டு கோளாறு சேர்ந்திருக்கலாம்.

தேடுவதற்கு முன் சில ஏற்பாடுகள். படகைக் கரையேற்றி, மரத்தடியில், காற்றோட்டமான வெட்டவெளியில் நிறுத்துங்கள். ஷெட்டுக்குள் வேண்டாம். பக்கத்தில் டீக்கடை அடுப்பு, பீடி, ஜெனரேட்டர் எதுவும் இருக்கக் கூடாது. ஆவி தரையோடு ஊர்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். தளத்து மூடிகளையெல்லாம் திறந்து ஒரு முழுப் பகல் விடுங்கள். வாசனை நன்றாக அடங்கிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். வாசனை அடிக்கும்போதே கழற்றப் போனால் அந்தப் பொறியே போதும். அடித்தண்ணீரை இறைக்கும் ஆட்டோமேட்டிக் பம்ப் பேட்டரியில் நேரடியாக மாட்டியிருந்தால் அதையும் துண்டிக்க வேண்டும். பெட்ரோலையே தண்ணீர் என்று நினைத்து ஏரிக்குள் இறைத்துவிடும். வெளிச்சத்துக்கு ஒயரில் தொங்கும் பல்பு வேண்டவே வேண்டாம். மூடிய எல்இடி டார்ச்சை வெளியிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் இரண்டு, கைக்கெட்டும் தூரத்தில், படகுக்கு வெளியே. வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

டேங்கில் இருப்பதை இறக்கக் கைப்பம்ப் போதும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். இறக்கியதை அப்படியே கேனில் அடுக்கி வைக்கவும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருப்பதைப் பெட்ரோலியச் சட்டம் அனுமதிப்பதில்லை. கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் இறங்கினால் அது தண்ணீரும், பெட்ரோலில் கலந்து வரும் எத்தனாலும். அந்தப் பெட்ரோலை எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள். தெளிவாக இருந்தால் உங்கள் காரிலும் பைக்குகளிலும் ஊற்றித் தீர்த்துவிடுங்கள்.

இப்போது தேடலாம். என் கை முதலில் போகும் இடம் பெட்ரோல் ஊற்றும் மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ஹோஸ். ஒன்றரை அங்குல ரப்பர் குழாய், பக்கப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எஞ்சினுக்குப் போகும் மெல்லிய ஹோஸை எல்லோரும் மாற்றுவார்கள், கண்ணுக்குத் தெரிகிறது. இதை யாரும் மாற்றுவதில்லை. படகின் வயசுதான் இதன் வயசும். வளைவின் அடிப்பக்கத்தில்தான் வெடிக்கும், மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். ஷேவிங் கண்ணாடி ஒன்றை அடியில் காட்டிப் பாருங்கள். டேங்க் நிறைந்தால் மட்டும் இந்த ஹோஸில் பெட்ரோல் நிற்கும். உங்கள் படகின் குணத்தோடு இது அச்சாகப் பொருந்துகிறது.

கண்ணுக்கு வெடிப்பு தெரியவில்லை என்றாலும் விடாதீர்கள். சுத்தமான வெள்ளைத் துணியால் ஹோஸைச் சுற்றி அழுத்தித் துடைத்து, படகைவிட்டு இறங்கித் தள்ளி நின்று துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் வாசனை வந்தால் ரப்பரே ஊறி ஆவியை வெளியே விடுகிறது என்று அர்த்தம். இறங்கிப் போய் முகரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படகுக்குள் ஐந்து நிமிடம் இருந்தால் மூக்கு மரத்துவிடும். வாசனை போய்விட்டது என்று மூக்கு சொல்லும், பெட்ரோல் போயிருக்காது. வெளியே ஓர் ஆளை நிறுத்தி வைத்து, அவரை மட்டும் அவ்வப்போது உள்ளே கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள்.

இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்தது விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் செய்த ஹோஸ்கள் பல இதைத் தாங்க மாட்டேன் என்கின்றன. புது ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் ஐஎஸ்ஓ 7840 அல்லது எஸ்ஏஇ ஜே1527 என்ற அச்சும், ஏ1 என்ற குறியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏ என்றால் இரண்டரை நிமிடம் தீயைத் தாங்கியது, 1 என்றால் ஆவியை அதிகம் விடாதது. சென்னையில் அவுட்போர்டு டீலர்களிடம் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தண்ணீர் மோட்டார் சக்‌ஷன் ஹோஸும், பைக்குக்குப் போடும் கண்ணாடி டியூபும் படகுக்குள் வரவே கூடாது. ஆறு மாதத்தில் இறுகி உடைந்துவிடும்.

ஹோஸை மாட்டும்போது ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போடுங்கள். பெட்ரோல் ஊற்றும் மூடியின் இரும்பு வளையத்திலிருந்து டேங்குக்கு ஒரு எர்த் ஒயர் போகும், நிரப்பும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பொறியாகாமல் இருக்க. ஹோஸ் மாற்றுகிறவர்கள் இந்த ஒயரை மறந்துவிடுகிறார்கள். அல்லது ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவில் திணித்து அதன் மேல் கிளாம்பை இறுக்கிவிடுகிறார்கள். ஒயர் இருக்கும் இடத்தில் இடைவெளி விழுந்து அதன் வழியே பெட்ரோல் கசியும். இப்படி மூன்று படகுகளை நானே பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரில் மூடி வளையத்துக்கும் எர்த்துக்கும் 100 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

அடுத்தது வென்ட் குழாய். அது டேங்கிலிருந்து நேராக மேலே ஏறி, ஒரு வளைவு வளைந்து வெளியே போக வேண்டும். நடுவில் தொய்ந்து தொங்கினால் அந்தத் தொய்வில் பெட்ரோல் தேங்கி வழியை அடைத்துவிடும். நம் பக்கத்தில் இன்னொரு எதிரி குளவி. மண்கூடு கட்ட அந்த ஓட்டை அதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். வென்ட் அடைபட்டால் வெயிலில் பெருகும் ஆவிக்குப் போக வழியில்லை. டேங்க் ஊதி, எந்த ஜாயின்ட் இளைத்ததோ அதன் வழியே பெட்ரோலைத் தள்ளும். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது 'உஷ்' என்று காற்று சீறினால் வென்ட் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். குழாயைக் கழற்றி வாயால் ஊதாமல், சைக்கிள் பம்பால் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். முனையில் மெல்லிய வலை இருக்கிற பித்தளை வென்ட் போட்டுவிட்டால் குளவித் தொல்லை தீரும்.

மூன்றாவது, டேங்கின் மேல் ஐந்து திருகுகளோடு உட்கார்ந்திருக்கும் மீட்டர் சென்டர் (sender), பெட்ரோல் அளவைக் காட்டுவது. அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் காய்ந்து சுருங்கியிருக்கும். இதுவும் முழு டேங்கில்தான் கசியும். சுற்றிலும் முகப்பவுடரைத் தூவி, டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, படகை ஆட்டிப் பாருங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் கறுத்துக் கோடு போடும். பெட்ரோல் உடனே காய்ந்துவிடுவதால் விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது, பவுடர் மறைக்காது. கேஸ்கெட்டை நைட்ரைல் ரப்பரில் போடுங்கள். சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம், பெட்ரோலில் ஊதிப் பிய்ந்துவிடும். திருகுகளைக் கார் வீல் நட்டு மாதிரி எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

எம்-சீல் போட்ட இடத்துக்கு வருவோம். டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கும் பித்தளை முழங்கை (எல்போ) ஜாயின்ட்தான் அது என்று நினைக்கிறேன். எம்-சீல் நல்ல பொருள், குடத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சரி. பெட்ரோல் ஊறிய பரப்பில் அது பிடிக்காது. மேலே ஓடு மாதிரி இருக்கும், அடியில் பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும். நாலு நாள் அடங்கியதும் அப்படித்தான். அதைவிடக் கெடுதல், உண்மையான கசிவைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுங்கள், இரும்பால் தட்டாதீர்கள், தூள் டேங்குக்குள் விழ விடாதீர்கள். முழங்கையைக் கழற்றி மரையைப் பாருங்கள். அலுமினியமும் பித்தளையும் உப்புக் காற்றில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும், உங்கள் படகு கடலில் வாழ்ந்தது. மரை நன்றாக இருந்தால் பெட்ரோல் தாங்கும் இறுகாத சீலன்ட் பூசி மாட்டுங்கள். டெஃப்லான் டேப் நூல் நூலாகப் பிரிந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும், அது வேண்டாம்.

இந்த நாலையும் சரி செய்த பிறகு டேங்கைக் காற்றழுத்தத்தில் சோதிக்க வேண்டும். கம்ப்ரஸரைக் கிட்டே கொண்டுவராதீர்கள். படகு டேங்க் தாங்க வேண்டியது 3 பிஎஸ்ஐ மட்டும்தான். பைக் டயரில் பத்தில் ஒரு பங்கு. டயர் கேஜ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைக் காட்டாது. நான் பயன்படுத்துவது டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பிபி கருவி. வேலூரில் அதற்குப் பஞ்சமா? சர்ஜிக்கல் கடைகளில் உறை கிழிந்த பழைய கருவி மலிவாகக் கிடைக்கும். அதன் ரப்பர் உருண்டையும் கடிகாரமும் போதும். 155 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 3 பிஎஸ்ஐ. பெட்ரோலை இறக்கிய டேங்கில், ஊற்றும் மூடியை இறுக்கி மூடி, எஞ்சினுக்குப் போகும் ஹோஸைத் தடுத்து, வென்ட் ஹோஸ் முனையில் கருவியை மாட்டி மெதுவாக 150 வரை ஏற்றுங்கள். ஜாயின்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை பொங்கும் இடம் கசிவு.

இதை அதிகாலை 5 மணிக்கு, நிழலில் செய்யுங்கள். வெயில் ஏறினால் உள்ளே காற்று சூடாகி முள் தானாக மேலே போகும். 10 டிகிரிக்கு 25 புள்ளிக்கு மேல் ஏறும், பெட்ரோல் ஈரம் மிச்சமிருந்தால் இன்னும் ஏறும். கசிந்துகொண்டிருக்கிற டேங்க் கசியாதது போலக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் டேங்க் நல்லது.

எந்த ஜாயின்டிலும் நுரை இல்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால் டேங்கின் தகட்டிலேயே ஊசி ஓட்டை. சுற்றியிருக்கும் ஃபோம் உப்புத் தண்ணீரை உறிஞ்சி வைத்து, வெளியிலிருந்து உள்ளே அரித்திருக்கும். இங்கே நல்ல தண்ணீரில் ஓட்டினாலும் பழைய உப்பு ஃபோமில் உட்கார்ந்தபடி வேலையைத் தொடரும். அப்படியென்றால் ஒட்டுப் போடாதீர்கள், டேங்கை மாற்றுங்கள். ஓர் ஊசி ஓட்டை தெரிந்தால் பக்கத்தில் பத்து தயாராகிக்கொண்டிருக்கும்.

வெல்டிங் வைக்கவும் வேண்டாம். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை இருப்பதால் நம் பகுதியில் கை தேர்ந்த வெல்டர்களுக்குக் குறைவில்லை, அலுமினியத்தையும் அழகாகப் பற்றவைப்பார்கள். அவர்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காலி பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே காற்றும் ஆவியும் சரியான அளவில் கலந்து காத்திருக்கும். தண்ணீர் நிரப்பிவிட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். புதிய டேங்கை அந்த வெல்டர்களிடமே செய்யலாம், 5052 அலுமினியத் தகட்டில், 2.3 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில். வார்ப்பு பிளாஸ்டிக் டேங்க் என்றால் முதல்முறை பெட்ரோல் ஊறியதும் சுமார் 2 சதவீதம் பெருகும், சுற்றி இடம் விட்டு வையுங்கள். எதுவானாலும் அடியில் தண்ணீர் வடிய வழி வேண்டும், ஃபோமில் புதைக்கக் கூடாது.

எஞ்சின் பக்கம் சுருக்கமாக. எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் இருக்கும் ரப்பர் கைப்பல்பை அழுத்தி, அது இறுகியதும் எஞ்சினை ஓட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள். இறுக்கம் தளர்ந்தால் கனெக்டர் ஓ-ரிங், ஃபில்டர், கார்புரேட்டர் ஊசி ஆகியவற்றில் ஏதோ ஒன்று விடுகிறது. பிறகு ஆயில் குச்சியை உருவி அளவைப் பாருங்கள். அளவு கூடியிருந்து, பெட்ரோல் வாசனையும் அடித்தால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலுக்குள் போகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது, எஞ்சின் மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.

அடிப்பள்ளத்தில் சிந்தியிருப்பதைத் துணியால் ஒற்றி எடுத்து, துணிகளை வெட்டவெளியில் கொடியில் தனித்தனியாக விரித்து ஆறவிடுங்கள். சோப்புத் தூள் போட்டுக் கழுவி ஏரியில் விடாதீர்கள். சோப்பு போட்டால் வானவில் மறையும், பெட்ரோல் மறையாது, தண்ணீரோடு கலந்து கீழே இறங்கும். அந்த ஏரியில் மாடு தண்ணீர் குடிக்கிறது, அதைச் சுற்றித்தான் ஊர்க் கிணறுகள் இருக்கின்றன. தோல் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டு, வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்க வேண்டிவந்த மாவட்டம் இது. கெட்ட தண்ணீர் திரும்ப நல்லதாவதற்கு எத்தனை தலைமுறை ஆகும் என்று வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் கேட்டால் சொல்வார்கள். ஒரு சொட்டும் ஏரிக்குள் போகக் கூடாது தம்பி.

எல்லாம் மாட்டி முடித்ததும் 54 லிட்டர் ஊற்றி, தளத்தை மூடி, தார்ப்பாய் போட்டு ஓர் இரவு கரையிலேயே விடுங்கள். காலையில் மூடியைத் திறந்ததும் வெளியாள் ஒருவரை முகரச் சொல்லுங்கள். மதியம் ஒரு மணிக்கு மறுபடி. இரண்டு நேரமும் வாசனை இல்லை என்றால் பேட்டரியை மாட்டி, யாரையும் ஏற்றாமல் நீங்கள் மட்டும் அரை மணி நேரம் வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்து, திரும்பவும் தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் சரியானால் மறுநாள் ஆளேற்றலாம். பத்து நாளுக்குள் இது முடியும், ஹோஸ் நேரத்துக்கு வந்து சேர்ந்தால். டேங்கையே மாற்ற வேண்டிவந்தால் முடியாது; இந்தக் கோடைக்கு மிதிபடகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்களை ஏற்றும் மோட்டார் படகுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி சர்வேயும் பதிவும் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது அந்தத் தாள்கள் உங்கள் பெயருக்கு மாறினவா என்று இந்த ஓய்வில் பார்த்துவிடுங்கள்.

எம்-சீல் போட்ட பையனைத் திட்ட வேண்டாம். வாசனையை முதலில் கண்டுபிடித்தவன் அவனாகத்தான் இருப்பான். தினமும் காலையில் சாவி போடுவதற்கு முன் தளத்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். வாசனை வந்தால் அன்றைக்குப் படகு கிடையாது என்று சொல்லும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். காற்றழுத்தச் சோதனையில் முள் எத்தனை மணிக்கு எவ்வளவு காட்டியது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு டேங்கைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.